மைனஸ் 20-ல் கோழி பிழைக்கும், ஈரக் கொட்டகையில் பிழைக்காது

[திரையில்: பெரம்பூர் மொட்டை மாடி, காலை வெயில், நான்கைந்து பெட்டைக் கோழிகள்]

வணக்கம். நம்ம சேனலைப் பார்த்து மாடியில் கோழி வளர்க்க ஆரம்பித்தவர்களில் கொஞ்சம் பேர் இப்போது சென்னையிலேயே இல்லை. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் என்று மலையேறியவர்கள் ஒரு பக்கம், டொராண்டோ பக்கம் போய் வீட்டுக்குப் பின்னாடி இடம் வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். இந்தக் குளிரைக் கோழி தாங்குமா, உள்ளே ஹீட்டர் போடணுமா?

தாங்கும். ஹீட்டர் வேண்டாம். ஆனால் நம்ம ஊர்க்காரர்கள் குளிர் ஊரில் போய் முதலில் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்த வீடியோ. மார்கழியில் 22 டிகிரிக்கே மங்கி குல்லாயும் மப்ளரும் தேடுகிற ஊர் நம்முடையது. அந்தக் கையோடு மலைக்குப் போனால் என்ன செய்வோம்? கொட்டகையில் ஒரு சந்து விடாமல் சாக்கைத் திணித்து, தார்ப்பாயைச் சுற்றி, கதவிடுக்கில் துணி வைத்து, உள்ளே ஒரு பெரிய பல்பையும் மாட்டிவிட்டு, அப்பாடா என்று போய்ப் படுத்துக்கொள்வோம். கோழிக்குச் சளி பிடிப்பதும் கொண்டை கருகுவதும் அந்தக் கொட்டகையில்தான்.

ஏன் என்று பார்ப்போம். கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. நமக்கு அது கடுங்காய்ச்சல், அதற்கு அது சாதாரணம். இறகை உப்பிக்கொண்டு உட்காரும்போது இறகுக்கும் தோலுக்கும் நடுவே காற்று தங்குகிறது. அந்தக் காற்றுதான் அதற்குப் போர்வை. இறகு நனைந்தாலும், காற்று நேராக அடித்து இறகைப் பிரித்தாலும் போர்வை போய்விடும். உலர்ந்த இறகோடு, காற்றடிக்காத இடத்தில், வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கிற வளர்ந்த கோழி மைனஸ் 20-ஐயும் தாண்டிவிடும். கனடாவில் வருஷா வருஷம் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். பத்துக் கோழி என்றால் இரண்டு, இரண்டரை லிட்டர். ஒரு முட்டையில் போவது 40 மில்லி சொச்சம். மீதி அத்தனையும் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வருகிறது, அதில் கணிசமான பங்கு இரவில் நீங்கள் சாக்கு அடைத்து வைத்திருக்கிற அந்தக் கொட்டகைக்குள்ளேயே. வெளியே போக வழியில்லாத ஈரம் மேலே எழும்பி, குளிர்ந்த தகரக் கூரையின் அடிப்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, விடிகாலையில் கோழி மேலேயே சொட்டும்.

[திரையில்: தகரக் கூரையின் அடிப்பக்கம், நீர்த்துளிகள், அண்மைக் காட்சி]

இதை நீங்களே பார்க்கலாம். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். துளி இருக்கிறதா? அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியின் மூக்கு இருக்கிற உயரத்தில் மூச்சை இழுங்கள். நின்றுகொண்டு இழுத்தால் தெரியாது. கண் எரிந்து நெடி ஏறினால் அது அம்மோனியா. நீங்கள் ஒரு நிமிஷம் உட்கார முடியாத இடத்தில் அது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறது. சளி பிடித்துவிட்டது, கண் வீங்கிவிட்டது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறவர்கள் குளிரைத் திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் எங்கே திறப்பது? கோழி உட்காரும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது. அதற்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிராக இரண்டு பக்கமும் திறப்பு வேண்டும். தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறப்பு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, அதிலிருந்து தொடங்குங்கள். ராத்திரியிலும் அதை மூடாதீர்கள், பனி பெய்தாலும் மூடாதீர்கள். எலி நுழைகிற கண்ணி போதாது, அரை அங்குல வெல்ட் மெஷ் கம்பி வலை அடியுங்கள். குளிர் காலத்தில் எலிக்கும் கீரிக்கும் உங்கள் கொட்டகைதான் பெரிய ஹோட்டல். கூரை சொட்டுவதை நிறுத்த அடியில் தெர்மாகோல் ஒட்டலாம் என்று சிலர் கேட்கிறார்கள். ஒட்டலாம், ஆனால் மேலே பிளைவுட் அடித்து மூடிவிடுங்கள். தெர்மாகோல் கண்ணில் பட்டால் கோழி அதைப் பொரி மாதிரி தின்றுவிடும், அதில் அதற்கு என்ன ருசியோ தெரியவில்லை.

அடுத்தது உட்காரும் கட்டை. சென்னையில் நாம் பிவிசி குழாயைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. குளிர் ஊரில் குழாய் வேண்டாம், இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம், அது காலிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். நான்கு அங்குல அகல மரச்சட்டத்தை அகலப் பக்கம் மேலே வருகிற மாதிரி வையுங்கள். கோழி ராத்திரி எப்படி உட்காருகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள், மெல்ல முட்டியை மடக்கி வயிற்றை இறக்கும், மார்பு இறகு இரண்டு பக்கமும் சரிந்து விரல்களை முழுசாக மூடிவிடும். ஒல்லிக் குழாயில் விரல் நுனி அடியில் சுற்றிக்கொண்டு வெளியே தொங்கும். உறைபனியில் போவது அந்த நுனிதான்.

தரைக்கு ஆழ்கூளம். ஆறு அங்குலத்தில் தொடங்கி, அழுக்காக அழுக்காக மேலே போட்டுக்கொண்டே போனால் குளிர்காலம் முடிவதற்குள் ஓர் அடி வரும். அடியில் அது மெல்ல மக்கும்போது கொஞ்சம் சூடும் வரும். இங்கே நமக்குத் தேங்காய் நார்க்கழிவு சல்லிசாகக் கிடைக்கிறது. குளிர் ஊருக்கு அது தோதில்லை, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு லேசில் காயாது. மரச்சீவல் நல்லது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டை மாதிரி நின்றால் கிளறிவிட்டு மேலே காய்ந்த சீவல் போடுங்கள்.

பல்பு விஷயத்துக்கு வருகிறேன். 250 வாட் சிவப்பு பல்பை மாட்டி வைக்கிறார்கள். கீழே காய்ந்த சீவல், காற்றெல்லாம் இறகுத் தூசி, பறந்து மோதக்கூடிய கோழி. வெளிநாடுகளில் கோழிக் கொட்டகை தீப்பிடிப்பதற்கு இந்த பல்பு ஒரு முக்கியக் காரணம். தீ வேண்டாம், கரண்ட் போனால் என்ன ஆகும்? சூட்டுக்குப் பழகிய கோழி திடீரென்று உறைபனியில் நிற்கும். மலையில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.

குஞ்சுகளுக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது. அவற்றுக்கு இறகே இல்லை, வெறும் பஞ்சுதான். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள், ஆறு வாரத்தில் இறகு முளைத்துவிடும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சைப் பாருங்கள்: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. கரண்ட் இல்லாத இடத்தில் பானையில் கரி போட்டு வைக்கிற பழக்கம் உண்டு. மூடிய அறையில் அதை வைத்தால் கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், உள்ளே போகிற ஆளையும் கொல்லும். ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்கிற லசோட்டா சொட்டு மருந்தை மறக்காதீர்கள், அந்த நோய்க்கு மலை, சமவெளி என்ற பேதம் கிடையாது.

[திரையில்: பெரிய ஒற்றைக் கொண்டை, ரோஜாக் கொண்டை, பட்டாணிக் கொண்டை, பக்கத்தில் பக்கத்தில்]

எந்த இனம்? கொண்டையைப் பாருங்கள். லெகார்ன் சேவலுக்கு இருக்கிற மாதிரி பெரிய ஒற்றைக் கொண்டை என்றால் பனி அதன் முனையைத்தான் முதலில் பிடிக்கும். வெளுத்து, சாம்பல் நிறமாகி, கடைசியில் கறுக்கும். கறுத்ததை வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், மெல்லச் சூடேற விடுங்கள். வாஸ்லின் தடவினால் போதும் என்பார்கள், ஈரமான கொட்டகைக்கு வாஸ்லின் மருந்தில்லை. கனடாவில் இதற்கென்றே ஓர் இனத்தை உருவாக்கினார்கள், ஷான்டிக்ளேர் என்று பெயர். கியூபெக்கில் ஓக்கா மடத்துத் துறவி ஒருவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. 1921-ல் அமெரிக்கக் கோழித் தரப் பட்டியலில் ஏறியது. கொண்டையும் தாடியும் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு சின்னது. வயன்டாட், பிரம்மா இரண்டும் நல்லவை. நம்ம பெருவிடைச் சண்டைக் கோழிக்கும் கொண்டை சின்னதுதான், ஆனால் இறகு நெருக்கமில்லை, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். ஊட்டிக்குப் பரவாயில்லை, டொராண்டோவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தண்ணீர் உறைந்துவிட்டால் கோழி தீனியும் எடுக்காது. காலையும் மதியமும் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள், ரப்பர் தொட்டியாக இருந்தால் கவிழ்த்துத் தட்டினால் பனிக்கட்டி விழுந்துவிடும். இருட்டினால் கோழி குடிக்காது, அதனால் சாயங்காலம் தண்ணீரை வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளே ஒரு ஈரம் குறையும். அடையப் போகும் நேரத்தில் ஒரு பிடி மக்காச்சோளமோ கம்போ போடுங்கள், ராத்திரி செரிக்கும்போது உடம்பு சூடாக இருக்கும். ஓர் ஓரத்தில் மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் புழுதிக் குளியலுக்கு ஆயிற்று, பேன் அண்டாது.

முட்டை நின்றுபோச்சு என்பவர்களுக்கு: கோழி நன்றாக முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்தான், நிற்கத்தான் செய்யும். விளக்கு போட்டு நீட்டுவதானால் விடிகாலையில் நீட்டுங்கள். ராத்திரியில் போட்டுச் சட்டென்று அணைத்தால் கட்டையில் ஏற வழி தெரியாமல் தரையிலேயே நிற்கும். ஊட்டிக்காரர்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது. அங்கே டிசம்பர் பகல் சென்னைப் பகல் மாதிரிதான், பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி. முட்டை அடியோடு நின்றால் தீனியையும் இறகு உதிர்வதையும் பாருங்கள்.

வாத்து குளிருக்கு அஞ்சாது. காலுக்கு இறங்கும் சூடான ரத்தம் மேலேறும் குளிர்ந்த ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போவதால் பனி மேல் நின்றாலும் உடம்புச் சூடு வீணாகாது. ஆனால் தண்ணீரைச் சிதறிக் கொட்டகையைச் சேறாக்கும். கோழியோடு ஒரே அறையில் அடைக்காதீர்கள்.

முயலுக்கு நம்ம சென்னை வெயில்தான் எமன், 30 டிகிரி தாண்டினாலே திணறும். நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் அரசு ஆராய்ச்சி நிலையங்களில் ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்ப்பது சும்மா இல்லை, அந்தக் குளிர் அதற்கு ஏற்றது. காற்றுப் படாத கூண்டும் நிறைய வைக்கோலும் போதும். தண்ணீர் பாட்டிலின் நுனி உறைந்துவிடும், அதை மட்டும் காலையில் தட்டிப் பாருங்கள்.

ஆட்டுக்கு வருகிறேன், இங்கேதான் ஒரு சிக்கல். சமவெளியில் பரண் கொட்டகை நல்ல யோசனை, புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு உலர்ந்த இடத்தில் நிற்கும். அதே பரணை அப்படியே மலையில் போட்டால் பலகை இடுக்கு வழியாகக் கீழேயிருந்து குளிர்காற்று நேராக வயிற்றில் அடிக்கும். காற்று வருகிற பக்கம் அடியைப் பலகையால் மறையுங்கள், குட்டி இருக்கும் மூலையில் வைக்கோலைக் கெட்டியாகப் பரப்புங்கள். ராத்திரிக்கு அடர்தீவனத்தைக் கூட்டுவதைவிட உலர்ந்த புல்லும் தட்டையும் வயிறு நிறையக் கொடுங்கள். ஆட்டின் முதல் வயிற்றில் நார் நொதிக்கும்போது வருகிற சூடுதான் அதற்கு அடுப்பு. குட்டி போட்டால் காது நுனி வரைக்கும் துடைத்து உலர்த்தி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வாயில் போக வேண்டும். கன்னி ஆட்டையும் கொடி ஆட்டையும் மலைக்கு ஏற்றாதீர்கள், மொட்டை வெயிலில் வளர்ந்த ஜாதி அது. ஊட்டியில் இருக்கிறவர்கள் நீலகிரிச் செம்மறியை விசாரியுங்கள்.

கடைசியாக வாங்கும் நேரம். மலையில் ஐப்பசி மழையும் அதற்கப்புறம் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனியும் வரிசையாக வரும். அக்டோபரில் குஞ்சு வாங்கினால் அது இறகு முளைக்கிற நேரமெல்லாம் ஈரத்தில் போகும். பிப்ரவரி, மார்ச்சில் வாங்குங்கள், ஆகஸ்ட் வாக்கில் முட்டைக்கு வந்துவிடும். டொராண்டோ என்றால் ஏப்ரல் கடைசி, மே. அதற்கு முன்னால் உங்கள் நகராட்சி கோழிக்கு அனுமதி தருகிறதா என்று கேட்டுவிடுங்கள், சேவலுக்குப் பெரும்பாலும் தருவதில்லை.