எல்.சி. வாங்காமல் கம்பம் ஏறாத அப்பா

திருச்சி வானொலி நேயர்களுக்கு வணக்கம். உழைப்பால் குடும்பத்தை உயர்த்திய ஒருவரைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு வேறு யாரையும் யோசிக்கத் தோன்றவில்லை. என் அப்பாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் சொன்னால் எங்கள் ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே நாலைந்து கிராமங்களில் போய் 'லைன்மேன்' என்று மட்டும் கேட்டால், அவர் போய்ச் சேர்ந்து இவ்வளவு நாளான பிறகும், யாராவது ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று விசாரிப்பார்.

மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக 2019-இல் ஓய்வு பெற்றார். பதவிப் பெயர்கள் மாறினாலும் ஊருக்கு அவர் கடைசி வரை லைன்மேன்தான். கிழவிகளுக்கு 'கரண்டுக்காரத் தம்பி'.

இந்த வானொலிக்கும் எங்கள் வீட்டுக்கும் பழைய உறவு உண்டு. தாத்தா விவசாயி. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் இந்த நிலையத்தின் விவசாய நிகழ்ச்சி வழியாகத்தான் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பரவியது. அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தாத்தா அதைப் போட்டவர். அதே பழக்கத்தில் அப்பாவும் ரேடியோ கேட்பார், ஆனால் பயிருக்காக இல்லை, வானிலைக்காக. 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்று காதில் விழுந்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கை ஒரு நிமிஷம் நிற்கும். அப்புறம் அம்மாவிடம், "அரிசி இருக்கா, மண்ணெண்ணெய் இருக்கா" என்று கேட்பார். தான் ரெண்டு மூன்று நாள் வீடு வந்து சேர முடியாது என்பதை அப்படித்தான் சொல்வார்.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பக்கம் சொல்வார்கள் இல்லையா, அந்த ரெண்டு மாதத்தில்தான் தீபாவளியும் வரும், கார்த்திகை தீபமும் வரும். எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் அப்பா இல்லாத தீபாவளிதான் பல வருஷம். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நாங்கள் மூன்று பிள்ளைகளும் புதுத்துணியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்போம். அவர் எங்கேயோ ஒரு வாய்க்கால் கரையில், சாய்ந்த கம்பத்துக்கு ஸ்டே கம்பி இழுத்துக்கொண்டிருப்பார். மதியத்துக்கு மேல் சேறும் சகதியுமாக வந்து, அதே வேகத்தில் கிணற்றடிக்குப் போய்க் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, எங்களோடு உட்கார்ந்து நாங்கள் அவருக்கென்று எடுத்து வைத்திருந்த சரத்தை வெடிப்பார். தூக்கம் கண்ணைச் சொக்கும். ஆனாலும் வெடித்து முடிக்காமல் படுக்க மாட்டார்.

உழைப்பாளி என்று ஒருவரைச் சொல்லும்போது நாம் பொதுவாக எதைச் சொல்கிறோம்? ராத்திரி பகல் பார்க்காமல், உயிரைப் பணயம் வைத்து, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் என்றெல்லாம் பெருமையாகச் சொல்வோம். என் அப்பாவை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தவர்தான், ஆனால் உயிரைப் பணயம் வைக்க மறுத்தவர். அந்த மறுப்புதான் அவர் எங்களுக்குச் செய்த மிகப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அதைத்தான் இன்றைக்கு விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கை மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுப்பார். கல்யாணத்தின்போது மாமனார் வீட்டில் போட்ட மோதிரம், ஒரு சின்னப் பச்சைக்கல் வைத்தது. அம்மா அதை சாமி மாடத்தில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். சாயங்காலம் வந்து கை கால் கழுவி விபூதி இட்டுக்கொள்ளும்போது திரும்பப் போட்டுக்கொள்வார். வாட்ச் கட்ட மாட்டார். வெள்ளி அரைஞாண் கொடியையும் எப்போதோ கழற்றிவிட்டுக் கறுப்புக் கயிறுதான் கட்டியிருந்தார். உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது, கம்பிக்கு நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு மோதிரம் போதும், அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார். சாயங்காலம் மாடத்தில் மோதிரம் இல்லையென்றால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எல்.சி. என்று ஒன்று உண்டு, லைன் கிளியர். ஒரு லைனில் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் துணை மின்நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர் அந்த ஃபீடரை, அதாவது அங்கிருந்து நம் பக்கம் கரண்ட் கொண்டுவருகிற லைனை, ஆஃப் செய்து, நேரத்தைக் குறித்து, இன்னார் பெயரில் எல்.சி. கொடுத்தாயிற்று என்று பதிவு செய்வார். வாங்கினவர்தான் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் போன் செய்து "வேலை முடிஞ்சுது, போட்டு விடுங்க" என்றாலும் போடக் கூடாது. சரி, எல்.சி. கையில் வந்துவிட்டது, ஏறிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. லைனில் கரண்ட் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் வேலை செய்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் ராடு போட்டு, கம்பியைப் பூமியோடு இணைக்க வேண்டும். அப்புறம்தான் இடுப்புக் கயிறு, ஹெல்மெட், கையுறை, ஏறுவது எல்லாம்.

ஆஃப் செய்த லைனுக்கு எதற்கு எர்த் என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். ஊரில் கரண்ட் இல்லை, கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, மெயினைச் சரியாகத் துண்டிக்காமல் ஓட்டுகிறார்கள் என்று வை. அந்தக் கரண்ட் மண்டபத்தோடு நிற்காது, சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பிக் கம்பத்துக்கு வரும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்கு வழி எது என்று தெரியாது. இந்தப் பக்கம் 11,000 வோல்ட் போனால் அந்தப் பக்கம் வீட்டுக்கு வேண்டிய அளவு குறைத்துக் கொடுக்கும், அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் இந்தப் பக்கம் அதே மாதிரி ஏற்றிவிடும். துணை மின்நிலையத்தில் ஆஃப், ஆனால் கம்பத்தில் இருக்கிறவன் கையில் உயிருள்ள கம்பி. எர்த் போட்டிருந்தால் அது பூமிக்குப் போகும், இல்லையென்றால் அவன் வழியாகப் போகும். இதைச் சொல்லி முடித்துவிட்டு, காலால் அந்தக் கோட்டை அழித்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் நேரம் ஆகும். வெளியே நிற்கிற நமக்கு அது புரியாது. "ஒரு பீஸ் கட்டை போட இவ்வளவு நேரமா?" என்று எத்தனை பேர் எங்கள் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். 1990-இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் என்று ஆன பிறகு மோட்டார்கள் பெருகின. டிரான்ஸ்பார்மரில் பீஸ் போவதும் பெருகியது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு அவசரம், அதுவும் நியாயமான அவசரம்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, "அண்ணே, நீங்க ஏறுங்க, பாத்துக்கலாம், எல்.சி.யெல்லாம் எதுக்கு, அரை நிமிஷ வேலை" என்று கெஞ்சுவார்கள். அப்பாவிடம் ஒரே பதில்தான்: "தம்பி, எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு." கோபமாகச் சொல்ல மாட்டார். அதைச் சொல்லிக்கொண்டே போனை எடுத்து எல்.சி. கேட்பார். வேலையை முடிக்காமலும் வர மாட்டார். விடியற்காலை ஆனாலும் மோட்டார் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

இன்னொரு பழக்கம், ஆள் எண்ணுவது. வேலை முடிந்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் தன் கூட வந்தவர்களை எல்லாம் தரையில் வரிசையாக நிற்க வைத்து, வாய்விட்டு எண்ணுவார். ஒருத்தர் சிறுநீர் கழிக்கப் போயிருந்தால்கூட அவர் வந்து நிற்கும் வரை போன் போகாது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நாடியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால், கூட்டத்துக்குள் நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை, பஸ் ஏறினதும் ஒரு தடவை எங்களை எண்ணுவார். என் தம்பி மீசை வைத்த பிறகும் எண்ணினார்.

வீட்டு வேலையில் அவருக்கு இது ஆம்பிளை வேலை, இது பொம்பிளை வேலை என்ற கணக்கே கிடையாது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்து மாதக் கணக்கில் குனிய முடியாமல் இருந்தபோது, காலையில் எனக்கும் தங்கைக்கும் தலை பின்னிவிட்டது அப்பாதான். இன்சுலேட்டரில் கம்பியை வைத்து பைண்டிங் கட்டுகிற மாதிரி இழுத்து இழுத்துக் கட்டுவார், சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது, நெற்றித் தோலே மேலே ஏறிக்கொண்ட மாதிரி இருக்கும். ரசம் நன்றாக வைப்பார். சம்பள நாளில் வாழையிலையில் கட்டின அசோகா அல்வா வாங்கி வருவார். மூன்று பங்கு எங்களுக்கு, ஒரு பங்கு அப்பாயிக்கு, மிச்சம் இருந்தால் அம்மாவும் அவரும். ரெண்டு அத்தைகளுக்குச் சீட்டுப் போட்டுத்தான் கல்யாணம் செய்து வைத்தார். அந்தச் சீட்டுக்காசு கட்டி முடிந்த மாதமே எங்கள் படிப்புக்கென்று அடுத்த சீட்டு ஆரம்பித்தார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது அந்தக் காசில்தான்.

2018, நவம்பர் 16. கஜா புயல். அந்தத் தேதியை நம் பக்கத்தில் யாருக்கும் நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. வேதாரண்யம் பக்கம் நள்ளிரவுக்கு மேல் கரையேறி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று உள்ளே வந்தது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எங்கள் வீட்டு ஓடு பாதி போய்விட்டது, கொல்லையில் தாத்தா வைத்த மரங்கள் எல்லாம் வேரோடு கிடந்தன. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன என்று பிற்பாடு சொன்னார்கள். அப்பாவுக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை. தார்ப்பாயை எடுத்துக் கூரைமேல் கட்டிவிட்டு, மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரங்களில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் மின் ஊழியர்கள் வந்தார்கள், கேரளாவிலிருந்தும் வந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்துக்கொண்டார்கள். லாரி போக முடியாத வயலில், சம்பாப் பயிர் நிற்கிற சேற்றில், கான்கிரீட் கம்பத்தைக் கயிறு கட்டி ஊர்க்காரர்களும் அவர்களும் சேர்ந்து தோளில் சுமந்து போனார்கள். மார்பளவு தண்ணீரில் நின்று குழி தோண்டினார்கள். எல்லாவற்றையும் இழந்த வீடுகளிலிருந்து அவர்களுக்குச் சோறு போனது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, மாத்திரை போட்டுக்கொண்டு போனார். ஆனால் அவ்வளவு நெருக்கடியிலும், ஊரே இருட்டில் கிடந்து அமைச்சர் முதல் அண்டைவீட்டார் வரை அவசரப்படுத்திய அந்த நாட்களிலும், எர்த் போடாமல் ஒரு ஆளை அவர் ஏறவிடவில்லை. ஏனென்றால் அப்போதுதான் ஊர் முழுக்க வாடகை ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஏற்றுவதற்கும் செல்போனுக்கு சார்ஜ் போடுவதற்கும் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர். எது எந்த லைனோடு சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது மார்கழி பிறந்த பிறகு. அன்றைக்கு அப்பா வீட்டில் இல்லை, பேராவூரணிப் பக்கம் வேலையில் இருந்தார். அம்மா போன் போட்டு "லைட்டு எரியுதுங்க" என்றார்கள். அவர் முதலில் கேட்டது, "ஃபிரிட்ஜ் நனைஞ்சு கெடந்துச்சே, பிளக்கைப் போடலையே?"

ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச காலம்தான் இருந்தார். மாரடைப்பு. கம்பத்தில் ஒன்றும் ஆகாமல் காப்பாற்றிக்கொண்டு வந்த உடம்பு வீட்டுக் கட்டிலில் போனது. கேதத்துக்கு மின்வாரியக்காரர்கள் மொத்தமாக வரவில்லை. ஒரு செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் லைனை யார் பார்ப்பது? மூன்று பேர் வந்து மாலை போட்டு உட்கார்ந்து எழுந்து போவார்கள், அடுத்த மூன்று பேர் வருவார்கள். பொழுது சாயும் வரை அப்படியே நடந்தது. அதில் ஒரு பையன், அவரிடம் ஹெல்பராக இருந்தவன், இப்போது வயர்மேன். என்னிடம் வந்து அழுதுகொண்டே சொன்னான்: "அக்கா, மொத வருஷம் என்னைக் கம்பத்துல ஏறவே விடலைக்கா. எல்லாரும் ஏறுறானுங்க, என்னை மட்டும் கீழ நின்னு எர்த் ராடைப் பிடின்னுட்டாரு. அவர் மேல அப்ப எனக்கு அவ்வளவு கோவம். போன மாசம் எனக்குப் பொண்ணு பொறந்துச்சுக்கா." அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

பேச வந்த இடத்தில் அவர் சார்பாக ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். உங்கள் வீட்டில், கடையில், மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா? ஜெனரேட்டர் ஓடும்போது மெயின் லைனைத் துண்டித்து வைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் முறையாகப் போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து இந்த வாரமே பாருங்கள், பிளக்கில் நேரடியாகக் கொடுத்து வீட்டு லைனுக்கு ஏற்றாதீர்கள். மழைக்காலத்தில் கம்பி அறுந்து கிடந்தால் குச்சியால்கூடத் தள்ளாதீர்கள், கிட்டே யாரையும் போக விடாமல் நின்றுகொண்டு 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்கு, அதாவது மின்வாரியத்தின் புகார் மையத்துக்கு, சொல்லுங்கள். லைன்மேன் வந்து எர்த் ராடை மாட்டிக்கொண்டிருக்கும்போது, "சீக்கிரம் ஏறுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நன்றி, வணக்கம்.