வெறும் பையோடு நடக்கிற பெண்கள்

நடுவர் ஐயா அவர்களே, வெயில் தாழும் முன்பே வந்து பாயில் இடம்பிடித்த அம்மாமாரே, எதிரணி அண்ணன்மாரே, வணக்கம்.

வீட்டுவேலையும் வயல்வேலையும் செய்கிற பெண்ணுக்குத் தனியே உடற்பயிற்சியும் தனிக் கவனத்தோடு சாப்பாடும் தேவையா என்பது இன்றைய தலைப்பு. தேவையே இல்லை என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி அண்ணன். அவருடைய அப்பாச்சி துலாக்கிணற்றில் தண்ணீர் இறைத்து, உரலில் நெல் குத்தி, தொண்ணூறு வயது வரை வாழ்ந்தாராம். அந்த அப்பாச்சியை எனக்கும் தெரியும். கடைசிப் பத்து வருடம் அவர் நிலத்தைப் பார்த்தபடிதான் நடந்தார். எதிரே வருவது யாரென்று அறியக் கழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்துவார். முதுகு அப்படிக் கூனியிருந்தது. அண்ணன் வயதைச் சொன்னார், முதுகைச் சொல்ல மறந்துவிட்டார்.

அந்த வேலையாவது இப்போது இருக்கிறதா? காலபோக நெல்லை மெஷின் வெட்டுகிறது. தண்ணீரை மோட்டார் ஏற்றுகிறது. மாவை மில் அரைக்கிறது. மிஞ்சியிருப்பது குனிந்து கூட்டுவது, குந்தியிருந்து தேங்காய் திருவுவது, ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒரே இருப்பில் தைப்பது. களைப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் களைப்பு வேறு, பயிற்சி வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலை அண்ணன் கையில் வைத்திருக்கிறார். வீட்டுவேலையும் உடலுழைப்புக் கணக்கில் சேரும் என்று அதில் இருப்பது உண்மைதான். நானும் வாசித்தேன். அவர் வாசிக்காமல் விட்ட வரிகளைச் சொல்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். மிதமானது என்றால், நடக்கும்போது பேச முடியும், பாட்டுப் பாட முடியாது. அதற்கு மேல், தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும். 65 வயதைத் தாண்டியவருக்கு, விழாமல் நிற்கப் பழக்கும் பயிற்சி 3 நாள் வேண்டும். எந்த விளக்குமாறு அண்ணா இதைக் கற்றுத் தருகிறது?

எங்கள் குளக்கட்டுக்குப் பின்னேரம் வந்து பாருங்கள். பெண்கள் நடக்கிறார்கள், எல்லார் கையிலும் ஒரு சந்தைப் பை. உள்ளே ஒன்றும் இராது. பையில்லாமல் நடந்தால் "எங்கே பிள்ளை போகிறாய்?" என்று நாலு பேர் கேட்பார்கள். நடக்கத்தான் நடக்கிறேன் என்ற பதில் இந்த ஊரில் செல்லாது. பையிருந்தால் கடைக்குப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். என் பையில் இரண்டு வெங்காயம் போட்டுக்கொண்டு போன நாளும் உண்டு, சாட்சிக்கு.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் பெண்ணுக்கென்று தனியே சமைப்பது இரண்டு தடவை. பெரியபிள்ளையானால் நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி. பிள்ளை பெற்றால் சரக்குக் கறி. நம் கிழவிகளுக்குப் பெண்ணுடம்பின் தேவை தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் சாமத்தியச் சடங்கின் பந்தலைப் பிரித்த மறுநாளே முட்டை தம்பியின் கோப்பைக்குப் போய்விடுகிறது. மாதம்தோறும் இரத்தம் போவது அன்றோடு நின்றுவிடுகிறதா? அமெரிக்க ஊட்டச்சத்து அளவுகளின்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும். மாதவிடாய் வரும் வயதில் பெண்ணுக்கு 18. கர்ப்பிணிக்கு 27. அதிகம் தேவைப்படுகிறவள்தான் கடைசியாகச் சாப்பிடுகிறாள்: அடிப்பானைச் சோறு, குழம்பில் மிதந்த கறிவேப்பிலை, மீனின் வால்.

பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சையோடு சப்பாத்தைக் கழற்றிவிடுகிறார்கள். எலும்பு உறுதியைச் சேர்த்துக்கொள்ளும் வயதே அதுதான். முப்பதுக்குப் பிறகு பெரும்பாலும் சேர்த்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

கர்ப்பிணிகளின் கதை தனி. கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா வீட்டுக்கு வந்ததும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து உருண்டையாகி, குடும்பம் முழுக்கப் பகிரப்படுகிறது. கர்ப்பிணிக்கு ஓர் உருண்டை, அதுவும் கேட்டால். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்குகிறோம். தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சரியாக ஏறவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தால் நன்றாக ஏறும். இதற்கு ஒரு சதமும் கூடுதல் செலவில்லை. மருத்துவர் தடுக்காதவரை கர்ப்பிணியும் நடக்கலாம், நடக்க வேண்டும். பிள்ளைபெற்ற பிறகு தும்மினால் சிறுநீர் கசிகிறதே, அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. சிரிக்காதீர்கள் தம்பிமாரே, முன்வரிசையில் உங்கள் அம்மாமார் சிரிக்கவில்லை. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சி இருக்கிறது. கதிரையில் இருந்தபடியே செய்யலாம். எந்த வயல்வேலையும் அதைச் செய்து தராது.

மாதவிடாய் நின்ற பிறகு, எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு விரைவாகத் தேய்கிறது. அப்பாச்சியின் முதுகு வளைந்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்திருக்கும். அந்த வயதில் நாம் என்ன சாப்பிடுகிறோம்? இரவில் வெறும் பாணும் தேத்தண்ணீரும். குரக்கன் நம் மண்ணில் விளைகிறது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. நெத்தலியை முள்ளோடு தின்னலாம். வேலியில் முருங்கை நிற்கிறது. குளத்து யப்பான் மீனில் புரதம் இருக்கிறது. தசைக்கு இரண்டு போத்தலில் தண்ணீர் நிரப்பித் தூக்கினால் போதும். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். என் அம்மா எழுபதில் தொடங்கினார். முதல்நாள் மூன்றோடு நிறுத்திவிட்டு என்னைத் திட்டினார்.

மணி அடித்துவிட்டார்கள். நாளை பின்னேரம் ஐந்தரைக்கு நாங்கள் ஆறு பேர் குளக்கட்டில் நடக்கப்போகிறோம், பையில்லாமல். நடுவர் ஐயாவின் துணைவியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தீர்ப்பை எப்படியும் சொல்லுங்கள், ஐயா. அந்த நேரத்தில் மட்டும் தேத்தண்ணீர் கேட்டு அவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.