தபால்காரர் மகள் மரீ ஃபிரெட்ரிக்சன்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து அளித்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பள்ளி விட்ட கையோடு வந்து அமர்ந்திருக்கும் இசையாசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுவீடன் நாட்டுப் பாடகி மரீ ஃபிரெட்ரிக்சனின் இளமை, புகழ், நோய் ஆகிய மூன்றையும் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்னும் ஔவை வாக்கை மேடைதோறும் சொல்பவன் நான். இன்றும் அதைக் கொண்டே தொடங்குகிறேன்.

1958இல் தெற்குச் சுவீடனின் சிற்றூர் ஒன்றில் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த மரீ, தபால்காரரின் மகளாக வளர்ந்து, ஏழு வயதில் அக்காளைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். அந்தப் பெண்ணுக்கு இசை கற்பித்தது ஸ்வாலோவ் ஊரின் மக்கள் உயர்பள்ளி, அதாவது வயதுவந்தோர் பயிலும் பள்ளி. கற்பிக்கக் கட்டணம் கிடையாது, மதிப்பெண் பந்தயமும் கிடையாது என்பது அத்தகைய பள்ளிகளின் சிறப்பு. நான் ஊர் ஊராகக் கேட்டு வருவதும் அதைத்தான்.

1986இல் பேர் யெஸ்லே என்னும் இசைக்கலைஞருடன் சேர்ந்து ‘ராக்செட்’ இசைக்குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட அமெரிக்க நிறுவனம் மறுத்துவிட்டது. சுவீடனில் ஓராண்டு படிக்கப் போயிருந்த அமெரிக்க மாணவர் ஒருவர், ஊர் திரும்புகையில் அந்தத் தட்டைக் கையோடு எடுத்துச் சென்று மினியாபொலிஸ் வானொலி நிலையம் ஒன்றில் கொடுத்தார். அது அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. மாணவரோ விடவில்லை, தட்டையாவது திருப்பித் தாருங்கள் என்று மீண்டும் போய் நின்றார். அப்போதுதான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அதை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். அதிலிருந்த ‘தி லுக்’ என்னும் பாடல் ஒலிபரப்பானதும் நேயர்கள் அதையே மறுபடி மறுபடி கேட்கத் தொடங்கினார்கள். பிற நிலையங்கள் ஒலிநாடாவில் படியெடுத்துக்கொண்டன. 1989 ஏப்ரலில் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது முதலிடம் பிடித்தது. ஒரு மாணவனின் காதில் விழுந்த இசை எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்குள்ள கல்வித்துறைப் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2002இல் மூளைக்கட்டி கண்டறியப்பட்டது. சிகிச்சைக்குப் பின் வலக்கண் பார்வை போயிற்று. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் எண்ணுவதும் தடுமாறின. அந்நாளில் அவர் கரிக்கோலெடுத்து வரைந்தார், மறுபடி பாடினார். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்! 2009இல் மேடைக்குத் திரும்பி, பின்னாளில் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடி, மருத்துவர்கள் சொல்லி 2016இல் பயணங்களை நிறுத்திக்கொண்ட அவர், 2019 டிசம்பர் 9 அன்று தமது 61ஆம் வயதில் காலமானார்.

அவர் பயின்றதைப் போன்ற இலவச இசை வகுப்பு, மாலை வேளைகளில் இந்த நூலகக் கூடத்தில் நடைபெற வேண்டும். அதற்கான கோரிக்கை மனு வாயிலருகே இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட்டுத் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.