பாட்டு நடுவில் ஆம்ப் அணைந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

வணக்கம். நான் 20 வருடத்துக்கும் மேலாக கார் ஆடியோ வேலை செய்கிறவன். ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், பாட்டு நடுவில் அணைந்துவிடுகிறது என்பது எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வருகிற குறை. அதைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சுற்றுலா வேன் வந்தது. ஓட்டுகிற தம்பிக்கு வயது 25 இருக்கும். "அண்ணே, சத்தம் கம்மியா வெச்சா நல்லா பாடுது. பேஸ் குத்துற இடம் வந்தா ஆம்ப் கட் ஆயிடுது. வால்யூமைக் குறைச்சா திரும்ப வந்துடுது. ரெண்டு ஆம்ப் மாத்திட்டேன்ணே, மூணாவதும் இப்படியே பண்ணுது" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. இரண்டு ஆம்ப் என்றால் அவருக்கு அது எத்தனை ட்ரிப் காசு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை ரேடியோவில் சொல்கிறேன். மூன்று ஆம்பும் ஒரே மாதிரி நின்றால் குறை ஆம்பில் இல்லை, வண்டியில் இருக்கிறது.

ஆம்ப் அணைவது பழுது அல்ல. உள்ளே ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. வோல்ட் ரொம்ப இறங்கினாலும், ஸ்பீக்கர் பக்கம் கரண்ட் அளவுக்கு மீறிப் போனாலும், சூடு ஏறினாலும் அது தானே நிறுத்திக்கொள்ளும். ப்ரொடெக்ட் லைட் எரிகிறதே, அதுதான். எதனால் நிறுத்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

அந்த வேனில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பென் டிரைவில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று வைத்திருக்கிறேன், "ம்ம்ம்" என்று விடாமல் முழங்கும். பாட்டில் சத்தம் ஏறி ஏறி இறங்கும், மீட்டர் அதைப் பிடிக்காது. இந்த ஒலியில் இழுக்கிற கரண்ட் நிலையாக இருக்கும். நாலைந்து விநாடிதான் ஓட்டுவேன், அதற்கு மேல் ஓட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், சூடாகும். என்ஜினை ஓடவிட்டு, ஆம்ப் அணைகிற அளவுக்குச் சற்றுக் கீழே வால்யூமை வைத்தேன். பேட்டரி முனையில் 13.2 வோல்ட். அதே நேரம் ஆம்பின் பிளஸ், மைனஸ் முனையில் வைத்தால் 9.7. பெரும்பாலான ஆம்புகள் 10 வோல்ட் பக்கம் வந்தாலே நிறுத்திக்கொள்ளும். அப்போ 3.5 வோல்ட் வழியில் எங்கேயோ போகிறது.

இனி அது எந்த வழியில் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்றை ஆம்பின் பிளஸ்ஸில் வையுங்கள். அது காட்டுவது பிளஸ் வயரில் தொலைகிற வோல்ட். வேனில் 0.6 வந்தது. அடுத்து பேட்டரி மைனஸ்ஸுக்கும் ஆம்பின் மைனஸ், அதாவது எர்த் முனைக்கும் நடுவில் வைத்தேன். கரண்ட் வண்டியின் இரும்பு பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற வழிதான் எர்த். 2.9 வோல்ட்! நல்ல எர்த்தில் அது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

டிக்கியில் கார்பெட்டைத் தூக்கினேன். எர்த் வயரை ஒரு சின்ன ஸ்க்ரூவால் பாடியில் முடுக்கியிருந்தார்கள், பெயிண்டைச் சுரண்டாமல். வயர் நுனியில் இருக்கிற உலோக வளையத்தை, அதாவது லக்கைச் சுற்றி பெயிண்ட் பொரிந்து பழுப்பேறியிருந்தது. ஸ்க்ரூவின் தலையில் நீலம் ஓடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலை வைத்திருக்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 ஆம்பியர் ஓடும்போது 2.9 வோல்ட் அங்கே விழுந்தால் 130 வாட். இரண்டு 60 வாட் குண்டு பல்பின் சூட்டை விட அதிகம், ஒரு ஸ்க்ரூவில். மேலே கார்பெட் வேறு. அந்தத் தம்பியின் வேனில் குழந்தைகள் கோயிலுக்குப் போவார்கள். ஆம்ப் கிடக்கட்டும், வண்டி தீப்பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் எனக்கு அன்றைக்குக் கவலை.

சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது. தடித்த தகடு இருக்கிற இடமாகப் பார்த்து, லக் உட்காரும் அளவுக்கு உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். போல்ட், நட்டு, பல் வாஷர் போட்டு முடுக்கி, துரு பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினேன். எர்த் வயர் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும், பிளஸ் வயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள், அது உயிர் காக்கிற போல்ட்.

இவ்வளவு செய்தும் எர்த் பக்கம் வோல்ட் விழுந்தால், பேட்டரி மைனஸ்ஸிலிருந்து பாடிக்குப் போகிற கம்பெனி வயரைப் பாருங்கள். மெல்லியதாக இருக்கும், இல்லை உப்புப் பூத்திருக்கும். பக்கத்திலேயே இன்னொரு தடித்த வயர் போட்டால் போதும்.

பிளஸ் வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கிற கிட்டில் வருவது பெரும்பாலும் அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். அதைத்தான் போடுவதென்றால் வயரின் தடிமன் அளவான கேஜில் இரண்டு படி தடிமனாகப் போடுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் ஆம்ப் முனையில் 13 வோல்ட் உறுதியாக நிற்கிறது, ஆனாலும் அணைகிறது என்றால் ஸ்பீக்கர் பக்கம் போக வேண்டும். இங்கே அதிகம் நடப்பது ஓம் தவறு. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் கொடுக்கிற தடையின் அளவு, அது குறைந்தால் கரண்ட் கூடும். சப் என்கிற பேஸ் ஸ்பீக்கர், 4 ஓம் உள்ளது இரண்டை பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்பின் இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுகிற பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று ஆம்பிலேயே எழுதியிருக்கும். 2 ஓம் கொடுத்தால் கரண்ட் இரண்டு மடங்காகும், மெதுவாகப் பாடும்போது தெரியாது, ஏற்றினால் நின்றுவிடும். இரட்டைக் காயில் சப்பிலும் இதே கதைதான். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மீட்டரில் ஓம் பாருங்கள். 4 ஓம் சப் 3.2, 3.5 என்று காட்டும், அது சரிதான். 1.7 காட்டினால் இணைப்பு தவறு. வயரின் ஒரு இழை பாடியில் உரசுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அரை மணி நேரம் நன்றாகப் பாடி, அப்புறம் நின்று, ஆறியதும் வருகிறது என்றால் அது சூடு. சீட்டுக்கு அடியில் கார்பெட் மூடிய ஆம்பை வெளியே எடுத்துக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஆம்பில் இருக்கிற கெயின் என்கிற திருகை முழுசாகத் திருப்பி வைத்திருந்தாலும் சூடேறும். கெயின் என்பது வால்யூம் இல்லை, ஸ்டீரியோவிலிருந்து வருகிற ஒலியின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது. ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, கெயினைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒலி கரகரக்க ஆரம்பிக்கும் இடத்திலிருந்து சற்றுக் கீழே இறக்கி விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஃபியூஸ். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பிளஸ் வயரில் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், கம்பியைச் சுற்றிவைப்பதும் வேண்டாம். அந்தத் தம்பியின் வேனில் ஃபியூஸே இல்லை. எர்த் வேலை முடிந்து ஆம்ப் முனையில் 12.5 வந்ததும் பாட்டைப் போட்டுப் பார்க்க அவருக்கு அவசரம். ஃபியூஸ் போட்ட பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.