லொக் நெஸ் ஏரியில சோனாருக்குப் பட்ட மூன்று புள்ளிகள்: நேயர் சந்தேகம்

அடுத்தது, வெள்ளவத்தையிலிருந்து ஒரு நேயரின் கேள்வி. "1987இல ஸ்கொட்லாந்தில லொக் நெஸ் ஏரியை 24 படகு வரிசையா நின்று சோனாரால தேடினபோது, ஆழத்தில மூன்று பெரிய புள்ளி விழுந்ததாமே. பிறகு ஏன் அங்க கதைகளில சொல்ற அந்த ராட்சத மிருகம் இல்லை என்கிறீங்க?"

புள்ளி விழுந்தது உண்மை. ஆனால் சோனார் படம் எடுக்கிறதில்லை. ஒரு ஒலித் துடிப்பை விட்டுட்டு, எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆகுது என்று பார்க்குது, அவ்வளவுதான். அந்தக் குளிர் தண்ணீரில ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,430 மீட்டர் ஓடும். கால் செக்கனில திரும்பினால், போன தூரமும் வந்த தூரமும் சேர்ந்திருக்கிறதால பாதியாக்கிப் பார்த்தால், ஆழம் 180 மீட்டர் அளவில.

இங்கதான் சிக்கல். ஒலி கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும். கூம்பு 20 பாகை என்று வையுங்க, 180 மீட்டர் ஆழத்தில அது 60 மீட்டருக்கு மேல அகலமான வட்டம். அதுக்குள்ள எங்க ஒரு பொருள் இருந்தாலும், திரையில படகுக்கு நேர் கீழே இருக்கிற மாதிரித்தான் காட்டும். லொக் நெஸ்ஸின் கரை சுவர் மாதிரிச் செங்குத்து. கூம்பின் ஓரம் அந்தச் சுவரில பட்டாலே நடுத் தண்ணீரில ஏதோ மிதக்கிற மாதிரித் தெரியும்.

அடுத்தது, எதிரொலியின் பலத்தை வைச்சு உருவத்தின் அளவைச் சொல்ல ஏலாது. மீனின் காற்றுப்பை ஒலியை நல்லாத் திருப்பி அடிக்கும். வாயுக் குமிழி ஒட்டின ஊறின மரக்கட்டையும் அப்படித்தான். கடலிலிருந்து ஆற்று வழியா சில வேளை சீல் வந்துபோறதும் உண்டு. அந்த மூன்று புள்ளியையும் திரும்பப் போய்த் தேடினாங்க, அகப்படவில்லை. கட்டை, சீல், சுவர் எதிரொலி, எதுவென்றாலும் இப்படித்தான் முடியும். பின்னால 2003இல பிபிசி 600 சோனார் கற்றையால ஏரியைத் தேடினபோது, பரிசோதனைக்காகத் தாங்களே அமிழ்த்தின மிதவை பிடிபட்டுது, மிருகம் பிடிபடவில்லை. அதே குழு தண்ணீருக்குள்ள ஒளிச்சு வைச்ச வேலிக் கட்டையை உல்லாசப் பயணிகளுக்கு முன்னால மேலே எழுப்பினாங்க. பிறகு வரையச் சொன்னால், சிலர் மிருகத் தலையை வரைஞ்சு கொடுத்தாங்க!

"காற்றுக்கு எதிராப் போனதைப் பார்த்ததாச் சொல்றாங்களே, கட்டை அப்படி நீந்துமா?" என்றும் கேட்பீங்க. இந்த ஏரியில நீந்தும். கோடையில மேல்தட்டுத் தண்ணீர் சூடு, அடியில 5, 6 பாகைக் குளிர். காற்று மேல் தண்ணீரை ஒரு முனைக்குத் தள்ளிக் குவிக்கும். காற்று தணிஞ்சதும் அந்தத் தட்டு முழுக்கத் திரும்பி ஊசலாடும், கட்டையும் அதோட போகும். 1903, 1904 காலத்திலேயே அங்க வெப்பமானி இறக்கி அளந்து கண்டுபிடிச்ச விஷயம் இது.

ஏரியின் அளவையும் நினைச்சுப் பாருங்க. நீளம் 36 கிலோமீட்டர், கிட்டத்தட்ட கொழும்புக் கோட்டையிலிருந்து நீர்கொழும்பு மட்டும். ஆழம் 230 மீட்டர். நம்ம உலக வர்த்தக மையக் கோபுரத்தை இறக்கினாலும் கூரைக்கு மேல 78 மீட்டர் தண்ணீர் நிற்கும். ஆனால் இவ்வளவு தண்ணீருக்கும் மீன் மொத்தம் 20 தொன் அளவுதான் என்று மதிப்பிட்டிருக்கிறாங்க. பத்தில ஒரு பங்கு என்ற பொதுக் கணக்கில, அதைத் தின்று வாழ்ற எல்லா மிருகமும் சேர்ந்து 2 தொன்தான் தேறும். தனி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில வாழாது. குட்டி போட ஒரு கூட்டம் வேணும். 2 தொன்னுக்குள்ள எத்தனை ராட்சதர் அடங்கும்?

2018இல நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து நீல் கெமெல் குழு மேற்பரப்பிலும் ஆழத்திலும் 250 தண்ணீர் மாதிரி எடுத்து, வடிகட்டி, அதில கிடந்த மரபணுத் துணுக்குகளை வாசிச்சாங்க. அந்த மிருகம் ஒரு ராட்சத ஊர்வன என்றுதான் பலர் சொல்றாங்க, ஆனால் ஊர்வன ஒன்றும் இல்லை. விலாங்கு மீன்தான் எங்க பார்த்தாலும். "அப்ப ராட்சத விலாங்கா?" என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டுது. மரபணு இனத்தைச் சொல்லும், நீளத்தைச் சொல்லாது. ஆயிரம் சின்ன விலாங்கு இருந்தாலும் அதே முடிவுதான் வரும்.