எலி வளைகளை எண்ணிய அரசு

அவையோருக்கு வணக்கம்.

சீனாவின் முதல் பேரரசான ச்சின் பேரரசைக் கொடுங்கோல் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். அந்த அரசு அன்றாடம் எப்படி நடந்தது என்று பார்க்க, ஒரு சிற்றதிகாரியின் கல்லறைக்குப் போக வேண்டும். 1975இல் ஹூபெய் மாநிலத்து யுன்மெங் வட்டத்தில், ஷுய்ஹூதி என்ற இடத்தில் 11ஆம் எண் கல்லறை அகழப்பட்டது. உள்ளே கி.மு. 217 வாக்கில் இறந்த ஸி என்ற அதிகாரி. உடலைச் சுற்றிலும் 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள். அவற்றில் பாதிக்கு மேல் சட்டமும் நிர்வாகமும்தான்.

களஞ்சியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். வரி வந்ததும் படை உண்டதும் தானியமாகத்தான். ஆகவே அரசின் உயிர் அங்கேதான் இருந்தது. ஷி என்பது தானிய அளவு; பத்தாயிரம் ஷி தானியம் ஒரு குவியல். தலைநகர் சியென்யாங்கில் மட்டும் ஒரு இலட்சம் ஷி. பொறுப்பாளர்கள் கூடி நின்று கதவுக்கு முத்திரை வைக்க வேண்டும். கூரை ஒழுகித் தானியம் அழுகினால், நூறு ஷிக்கு உட்பட்டது கண்டனத்தோடு போகும். அபராதங்கள் போர்க்கவசம், கேடயம் என்ற கணக்கில் இருந்தன: ஆயிரம் வரை ஒரு கவசம் அபராதம். ஆயிரத்தைத் தாண்டினால் இரண்டு கவசம். கெட்ட தானியத்தையும் அதிகாரிகள் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். மூன்று எலி வளை இருந்தால் ஒரு கேடயம் அபராதம். இரண்டு வரை கண்டனம். சுண்டெலி வளை மூன்று, ஓர் எலி வளைக்குச் சமம்!

கூட்டாக ஈடுகட்டச் சொன்னால் என்ன ஆகும்? எல்லாரும் சேர்ந்து மறைப்பார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஓரிடத்து உபரியைக் காட்டி இன்னோரிடத்துக் குறையை நிரப்பினால், அதைத் திருட்டாகவே கொண்டார்கள். அளவைகளிலும் இதே கண்டிப்பு. ஷி என்ற பெயரில் எடைக்கல்லும் உண்டு. ஜின், லியாங் என்பவை எடை அளவுகள். 120 ஜின் எடைகொண்ட அந்த ஷிக்கல்லில் 16 லியாங், அதாவது ஒரு ஜின், பிசகினால் ஒரு கவசம். எட்டு லியாங் பிசகினால் ஒரு கேடயம். உழவு மாட்டின் இடுப்புச் சுற்று ஒரு ட்சுன் (சீன அங்குலம்) குறைந்தால், மாட்டுக்குப் பொறுப்பானவனுக்குப் பத்துப் பிரம்படி.

இத்தனை கடுமைக்கு நடுவே ஒரு விதி என்னை நிறுத்திவைக்கிறது. வாக்குமூலத்தை எழுதி, அதன் முரண்களைத் தொடர்ந்து கேட்டு, அடிக்காமல் உண்மையைப் பெறுவது மேல்; அடித்துப் பெறுவது கீழ்; அச்சுறுத்தினால் விசாரணையே பாழ். அதே கல்லறையில் அதிகாரியின் நெறி பற்றிய ஏடும் கிடைத்தது. அது நேர்மையையும் கருணையையும் பேசுகிறது. கன்பூசிய மணம் வீசுகிறது. கடும் சட்டத்தால் ஆளச் சொன்ன சட்டவாதமும் அறநெறியால் ஆளச் சொன்ன கன்பூசியமும் பகையாகவே நின்றன என்ற பாடநூல் பிரிவினை, ஒரே அதிகாரியின் கல்லறையில் இரண்டும் கிடக்கும்போது நிற்கவில்லை.

கி.மு. 209இல் சென் ஷெங் என்பவர் ச்சின் அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். மழையால் எல்லைக் காவலுக்குத் தாமதமானோம், தாமதத்துக்கு மரணம் என்பதே காரணம் என்று பண்டைய சீன வரலாற்றாசிரியர் ஸிமா சியென் எழுதுகிறார். ஏடுகளிலோ, அரசுக் கட்டாய வேலைக்கு மூன்று முதல் ஐந்து நாள் பிந்தினால் கண்டனம், ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயம், அதற்கும் மேல் ஒரு கவசம். மழை பெய்தால் ஆள்திரட்டலே நிறுத்தம். எல்லைக் காவல் வேறு, கட்டாய வேலை வேறு. சட்டமும் இடையில் கடுமையாகியிருக்கலாம். ஆயினும் மரணக் கதையை அப்படியே ஏற்கும் முன், இந்த ஏட்டைப் படித்தாக வேண்டும்.