ஃப்ளூ ஊசி போட்டால் மாற்றிய சிறுநீரகத்துக்கு ஆபத்தா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதுதானே தடுப்பூசி, அது புதுச் சிறுநீரகத்தையே தாக்கிவிடாதா? ஊசி போடும் வாரம் மட்டும் மாத்திரையை நிறுத்தலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது, ஒரு வேளைகூட. ஊசியால், மாற்றிய உறுப்பை உடலே எதிர்த்துத் தாக்கும் ரிஜெக்‌ஷன் வராது, ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் அந்த மாத்திரையை விட்டால் வரலாம்.

உங்கள் பயம் அர்த்தமில்லாதது அல்ல. டாக்டர்களுக்கே இருந்த பயம்தான் அது. 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, வீரியம் கூட்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியைப் போட்ட சிலருடைய ரத்தத்தில், அடுத்தவர் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் புதிதாகத் தென்பட்டன. அப்போது நிறையப் பேர் கவலைப்பட்டார்கள். ஆனால் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், போட்டவர்களுக்கு ரிஜெக்‌ஷன் கூடியதாகத் தெரியவில்லை. காரணமும் எளிதுதான். ஊசி வைரஸின் மேல் இருக்கும் ஒரு சில புரதங்களைத்தான் உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. சிறுநீரகத்தில் அந்தப் புரதம் இல்லையே. நிஜ ஃப்ளூ வந்தால் நிலைமை வேறு. உடல் முழுக்க அழற்சி, நாள்கணக்கில் காய்ச்சல், நிமோனியா, சிலருக்கு அதைத் தொடர்ந்து ரிஜெக்‌ஷனும். நுரையீரல் மாற்றியவர்களிடம் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

என்னைக் கேட்டால், ஊசி ஆபத்தா என்பதைவிட ஊசி போதுமான அளவு வேலை செய்யுமா என்றுதான் கவலைப்பட வேண்டும். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அதே மாத்திரைகள், முக்கியமாக மைக்கோஃபினோலேட், ஊசிக்கு உடல் காட்டும் பதிலையும் மந்தமாக்கிவிடுகின்றன. சுவிட்சர்லாந்திலும் ஸ்பெயினிலும் உறுப்பு மாற்றிக்கொண்ட 619 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வழக்கமான ஊசிக்குப் போதிய ஆன்டிபாடி உருவானது 42 சதவீதம் பேருக்குத்தான். துணைப்பொருள் சேர்த்த ஊசிக்கு அது 60, அதிக டோஸ் ஊசிக்கு 66. அந்த இரண்டில் ஒன்று கிடைக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் வழக்கமானதையே போட்டுவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். அரைகுறைப் பாதுகாப்புகூட வீண் போகாது. ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு நிமோனியாவும் ஐசியூ வாசமும் குறைவாகவே இருக்கின்றன.

ஒன்றில் மட்டும் கவனம். மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் அதிலிருந்து ஃப்ளூ தொற்றவும் வழியில்லை.

எட்டு மாதம் ஆனதால் நேரம் பற்றிய சிக்கல் இல்லை. பொதுவாக மூன்று மாதம் கழித்துப் போடுவார்கள். ஃப்ளூ பரவும் காலமாக இருந்தால் ஒரு மாதத்திலேயே போடுவதும் உண்டு. நடுவில் ரிஜெக்‌ஷனுக்காக ரிட்டுக்ஸிமாப் மாதிரி வீரியமான மருந்து ஏறியிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், தேதியைத் தள்ளிப்போடலாம். பிறகு வருஷா வருஷம் போட வேண்டும், வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது.

போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலி, லேசான உடம்பு வலி, கொஞ்சம் காய்ச்சல் வரலாம். அதற்கு வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் சிறுநீரகத்துக்கு ஆகாது. பாராசிட்டமால் போதும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, "ஊசிக் காய்ச்சல்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மாற்று உறுப்பு உள்ளவர்களுக்குக் காய்ச்சல் என்றால் வேறு தொற்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அப்புறம், கணவரைப் பற்றி இவ்வளவு கேட்டீர்களே, நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? ஊசி அவருக்கு முழுப் பலன் தராத நிலையில், வீட்டில் உள்ள மற்றவர்கள் வைரஸை உள்ளே கொண்டுவராமல் இருப்பதுதான் அவருக்கு இன்னொரு வேலி. அவரோடு அதே நாளில் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.